நகம் வெளுத்தால் ஊசியை வை

பால் பொங்கி வரும் நேரத்தில் பாத்திரத்தை இறக்க இடுக்கியை அழுத்தினேன். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு சுரீர். கை தானாக விட்டுவிட்டது. அரை லிட்டர் பாலும் அடுப்பு மேடையில் ஓடி, சிலிண்டர் ட்யூப் வழியாகச் சொட்டியது. துடைக்கத் துணியை எடுத்துப் பிழிந்தேன். அதே இடத்தில் அதே சுரீர்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தை கடைசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையின் ரவிக்கைக்கு ஆரி வேலை நானே போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் கேட்ட கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். "எங்க சித்தி போட்டது" என்று அவள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் பெரிது. பள்ளி விட்டு வந்து இரவு பத்து மணி வரை, சனி ஞாயிறு என்றால் நள்ளிரவு தாண்டியும், பதினைந்து நாளாக ஃபிரேம் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஒரு வாரமாகவே கை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பும்போது, மாவு பிசையும்போது, பைக்கட்டைத் தூக்கும்போது. தைலம் தடவிக்கொண்டு மறுபடி ஊசியை எடுத்தேன்.

ஆரி ஊசியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பேனா மாதிரிக் கட்டைப்பிடி, நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு கொக்கி. துணியை ஃபிரேமில் தப்பட்டை போல இழுத்துக் கட்டியிருக்கும். வலது கை துணிக்கு மேலே, இடது கை துணிக்கு அடியில். ஊசியைக் குத்தி இறக்கினால், அடியில் இருக்கும் கை நூலைக் கொக்கியில் சுற்றும். மேல்கை ஊசியை அரைச் சுற்றுத் திருப்பி, நூலை வளையமாக மேலே இழுக்கும். அந்த வளையத்துக்குள் அடுத்த குத்து. பிடி, குத்து, திருப்பு, இழு. ஒரு செயின் ஸ்டிச்சுக்கு நான்கு அசைவு. சென்டிமீட்டருக்கு ஐந்து தையல் என்று வைத்தாலும், ரவிக்கையின் ஒரு கையில் இருக்கும் மயிலுக்கு ஃபில்லிங் போடப் பத்து மீட்டர் நீளத்துக்குக் கோடு ஓட்ட வேண்டும். 5,000 தையல், 20,000 அசைவு. அப்படி இரண்டு கை, ஒரு பேக் நெக்.

அம்மா என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நரம்பு பிசகியிருக்கும்டி. எண்ணெய் போட்டு உருவிவிட்டாச் சரியாப் போயிடும்."

நரம்பு என்று சொல்லிவிடுகிறோம்

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நரம்பு, இரத்தக்குழாய், தசைநாண் மூன்றையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் மதிப்பெண் குறைக்கிறவள். ஆனால் வீட்டுத் தமிழில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான். ஊசி போட நர்ஸ் தேடுவதும் நரம்பு, சுளுக்கிக்கொள்வதும் நரம்பு, பதற்றத்தில் தளர்வதும் நரம்பு. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். இழுபட்டு நிற்பதெல்லாம் நரம்பு என்ற அந்தப் பழைய பார்வையில் ஓர் அழகு உண்டு. வைத்தியத்துக்குத்தான் அது உதவாது. வலிக்கிற நூல் எது என்று தெரியாமல் முடிச்சை அவிழ்க்க முடியாது.

என் கையில் புண்பட்டது தசைநாண். நாண் என்றால் வில்லின் கயிறு. தசையை எலும்போடு கட்டும் கயிறு என்பதால் அந்தப் பெயர்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, லேசாகப் பற்றிக்கொண்டு வலது விரல்களை மட்டும் மேசையில் தாளம் போடுவதுபோல் ஆட்டுங்கள். அசைவது விரல், உருளுவது முன்கை. விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசை கிடையாது. சில சிறு தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. மற்றபடி பெரிய வேலைக்காரத் தசைகள் எல்லாம் முன்கையில் உட்கார்ந்துகொண்டு, நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நிற்பதுபோல. அதனால்தான் நம் விரல்கள் மெலிந்தும் நளினமாகவும் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. கயிறு மணிக்கட்டைத் தாண்டி வளைந்து போக வேண்டும். விறைத்தால் வில் நாணைப்போலத் துள்ளி மேலே எழும்பிவிடும். அதைத் தடுக்க, மணிக்கட்டைச் சுற்றித் திசுப் பட்டைகள் கயிறுகளைக் குழாய் போட்டு அடக்கி வைத்திருக்கின்றன. மணிக்கட்டின் புறப்பக்கத்தில் மட்டும் அப்படி ஆறு குழாய்கள். கட்டைவிரல் பக்கம் இருக்கும் முதல் குழாய் வழியாக இரண்டு நாண்கள் போகின்றன: கட்டைவிரலை வெளியே விரிப்பது ஒன்று, நீட்டுவது ஒன்று. குழாயின் சுவர் தடித்துவிட்டால் உள்ளே ஓடும் கயிறு உரசும். என் சுரீர் அங்கேதான்.

1895-இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் இந்த நோயை விவரித்து எழுதினார். இன்றும் இதற்கு அவர் பெயர்தான். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் பல ஆண்டு பணியாற்றியவர் அவர். கழுத்துக்கழலையைத் தடுக்க உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்று பின்னாளில் வாதாடியவரும் அவரே. நம் சமையலறை உப்பு டப்பாவிலும் என் மணிக்கட்டிலும் ஒரே ஆளின் கைவண்ணம்.

கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பொத்தி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்ப்பது இதற்கான பிரபலமான சோதனை. 1930-இல் எழுதிய ஃபிங்கல்ஸ்டைனின் பெயரால் அது வழங்குகிறது. உண்மையில் அந்த முஷ்டிச் சோதனை ஐக்காஃப் என்பவருடையது. நல்ல கையிலும் அது கொஞ்சம் வலிக்கும் என்பதால், வலித்த உடனே நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இடது கையிலும் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்தக் கயிறு, எந்தக் குழாய்?

கைவேலைக்காரர்களுக்கு வரும் வலி எல்லாம் ஒன்றல்ல. இன்னும் இரண்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? உதறினால் சரியாகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி — இவை மட்டும் மதமதக்கின்றனவா, சுண்டுவிரல் தப்பித்துவிடுகிறதா? அப்படியானால் உள்ளங்கைப் பக்க மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். அங்கே எலும்பும் பட்டையும் சேர்ந்த ஒரு குகை இருக்கிறது. அதற்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் — இது அசல் நரம்பு — நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. இடம் சுருங்கினால் முதலில் நசுங்குவது நரம்புதான். இதுதான் கார்பல் டனல் கோளாறு. கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் இது அதிகம். மணிக்கட்டை மடித்துக்கொண்டு தூங்கினால் குகையில் அழுத்தம் ஏறும். அதனால்தான் இரவில் தொல்லை.

இரண்டாவது, மடக்கிய விரல் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டு, பிறகு 'டக்'கென்று விடுபடுவது. 'விரல் லாக் ஆகுது' என்று சொல்வார்கள். விரலின் அடியில், உள்ளங்கையோடு சேருமிடத்தில் ஒரு வளையம் இருக்கிறது. நாண் அங்கே தடித்தாலோ வளையம் இறுகினாலோ ஊசிக்காதில் முடிச்சு மாட்டுவதுபோல மாட்டிக்கொள்ளும். இதுவும் சர்க்கரை நோயாளிகளை அதிகம் தேடி வருகிறது. 'தையல் மெஷினால வந்தது' என்று எண்ணி இருப்பவர் ஒருமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

முந்நூறு வருடப் புகார்

நான் முதலில் போன மருத்துவமனையில் என் கையைத் தொட்ட நேரம் அரை நிமிடம் இருக்கும். வலி மாத்திரை, ஒரு களிம்பு, "மூணு வாரம் கையை அசைக்காதீங்க." என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வியே வரவில்லை.

அந்தக் கேள்வியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் இத்தாலியின் பெர்னார்தினோ ராமஸீனி. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்பவற்றோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர். தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700-இல் வந்தது. 1713-இல் வெளிவந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கினார். அவர்களுடைய துன்பத்துக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, எழுத்தில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம்.

மூன்றாவதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பட்டு ரவிக்கையில் ஊசி தவறான இடத்தில் இறங்கினால் துளை விழும். விழுந்த துளை மறையாது. அந்தப் பயத்தில் ஊசியை நான் பிடித்த பிடி எப்படி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ராமஸீனி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவருக்கு வலது கை செயலிழந்தது. மனிதர் விடாப்பிடியாக இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் இடது கைக்கும் அதே நோய். கையை மாற்றினார், பழக்கத்தை மாற்றவில்லை.

தந்திக்காரர்கள் செய்தது வேறு. மோர்ஸ் விசையை நாள் முழுக்க மேலும் கீழும் தட்டித் தட்டி 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குக் கை இழுத்துக்கொண்டது. அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் அதற்குக் 'கண்ணாடிக் கை' என்று பெயர். 1900-களின் தொடக்கத்தில் ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் வைப்ரோப்ளெக்ஸ் என்ற புது விசையைக் கொண்டுவந்தார். மேலும் கீழும் தட்டுவதற்குப் பதில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஒரு தள்ளுக்கு, அதிலுள்ள வில்பட்டை அதிர்ந்து புள்ளிகளைத் தானே வரிசையாக அனுப்பிவிடும். அனுப்புவது அதே செய்திதான். கை செலவழிப்பது மட்டும் குறைந்தது. வலியோடு வாழும் கைவினைக்காரர் மனதில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்தத் தந்திக்காரர்களை.

கை கற்கும் வேகம், நாண் கற்கும் வேகம்

அது சரி, இத்தனை காலம் தாங்கிய கயிறு ஏன் திடீரென்று முரண்டுபிடிக்கிறது?

நாண் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளால் முறுக்கப்பட்டது. இழை, இழைகளின் கற்றை, கற்றைகளின் கற்றை என்று தேர்வடம் திரிப்பதுபோல அடுக்கு அடுக்கான முறுக்கு. தளர்ந்திருக்கும்போது இந்த இழைகள் அலையலையாக நெளிந்திருக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும். அதற்குமேல் இழுத்தால்தான் இழைக்கே சுமை ஏறும். உயிரணுக்கள் அங்கே மிகக் குறைவு. இரத்த ஓட்டமும் தசையோடு ஒப்பிட்டால் சொற்பம். தசை இறைச்சியின் சிவப்பு, நாண் வெள்ளை. அந்த நிறமே அதன் வறுமையைச் சொல்லிவிடும்.

வறுமை எவ்வளவு? 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. காற்றில் கார்பன்-14 ஏறிப்போனது. அது செடிக்குள் போய், உணவுக்குள் போய், அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடலுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் குதிகால் நாணின் நடுப்பகுதியில் இந்தக் கார்பனை அளந்தார்கள். ஒரு திசு தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டால் அந்தப் பழைய முத்திரை மறைந்துவிடும். தசையில் மறைந்திருந்தது. நாணின் நடுவில் அப்படியே இருந்தது. சுமார் 17 வயதுக்குள் உருவான நடுத்தண்டையே மனிதர்கள் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்பில் கிடைத்த கயிறுதான் கடைசி வரைக்கும்.

அப்படியென்றால் நாண் செத்த கயிறா? கிடையாது. இழைகளுக்கு இடையே சிறு சிறு பழுதுபார்ப்பு நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அதற்கென ஒரு நேரக்கணக்கு உண்டு. கடுமையாக வேலை வாங்கிய பிறகு முதல் ஒன்றரை நாள் அளவுக்கு அங்கே கட்டுவதைவிட இடிப்பதுதான் அதிகம். அதற்குப் பிறகே கட்டுமானம் முந்துகிறது. ஆகவே, சுமை தந்து இடைவெளியும் தந்தால் நாண் உரமேறும். சுமைமேல் சுமை, இடைவெளியே இல்லை என்றால் இடிப்புக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

என் பதினைந்து நாளில் எத்தனை இடைவெளி இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் கைவினையில் ஒளிந்திருக்கும் கண்ணி. கைப்பழக்கம் மூளைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஒரு மாதத்தில் கோடு நேராகிறது. மூன்று மாதத்தில் பேசிக்கொண்டே போடுகிறோம். தசையும் சில வாரங்களில் தேறிவிடுகிறது. நாண் மாதக் கணக்கு, வருடக் கணக்கு கேட்கும் ஜென்மம். கை 'இன்னும் ஒரு பூ போடலாம்' என்னும்போது, அதை இழுக்கும் கயிறு இன்னும் முதல் பாடத்திலேயே இருக்கிறது. வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளையின் வேகத்துக்குப் பாடம் எடுத்து, கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பெயிலாக்குவதுபோல. சோம்பேறிகளுக்கு இந்த வலி வருவதில்லை. ஆசையாகச் செய்கிறவர்களுக்கே வருகிறது.

இதில் ஒரு பழைய நம்பிக்கையும் உடைந்திருக்கிறது. இவ்வகை வலிகளுக்கு 'அழற்சி' என்று பெயர் வைத்து அழற்சி மாத்திரை கொடுப்பது வெகுகால வழக்கம். நாள்பட்ட நாணையும் தடித்த உறையையும் நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சி அணுக்கள் அதிகம் தட்டுப்படவில்லை. ஒழுங்கு குலைந்த இழைகளும், பழுதுபார்க்கத் தொடங்கிப் பாதியில் நின்ற திசுவும்தான் தெரிந்தன. மாத்திரை சில நாள் வலியைக் குறைக்கும். கயிறு திரிக்கும் வேலையை அது செய்யாது.

ஓய்வின் ஏமாற்று

மூன்று வாரம் கையைத் தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். வலி போய்விட்டது. மார்கழியில் மறுபடி ஃபிரேமைப் பிடித்தேன். கல்யாணம் நெருங்குகிறதே என்று முதல் நாளே மூன்று மணி நேரம். மூன்றாம் நாள் வலி திரும்ப வந்தது, முன்னைவிட அதிகமாக.

ஓய்வு என்ன செய்தது என்று இப்போது புரிகிறது. வலியைத் தூங்கவைத்தது, கூடவே கையையும் இளைக்கவைத்தது. சுமையே இல்லாத நாணும் தளரும். பழைய கை சுமந்ததை, இளைத்த கையின் தலையில் ஏற்றினேன்.

இரண்டாம் முறை வலி வந்தபோது புதிதாக ஒரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. ஊசியைப் பார்த்தாலே மணிக்கட்டு கூசியது. டீத்தம்ளரைத் தூக்கும் முன்பே முகம் சுளித்தது. இது மனப்பிரமை என்று நினைத்து வெட்கப்பட்டேன். வெட்கப்பட ஏதுமில்லை. வலிச் செய்தி திரும்பத் திரும்ப வந்தால் தண்டுவட நரம்பணுக்கள் கூர்மையாகிவிடுகின்றன, சிறு செய்தியையும் பெரிதாக்கி மேலே அனுப்புகின்றன என்று 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் காட்டினார். காலிங்பெல் சுவிட்ச் அழுந்தியபடியே மாட்டிக்கொண்டால் ஆள் இல்லாமலே மணி அடிக்கும் இல்லையா, அப்படி. மணி நிஜமாகவே அடிக்கிறது; வாசலில்தான் யாரும் இல்லை. நாள்பட்ட வலியில், வலியின் அளவும் திசுவின் சேதமும் ஒரே தராசில் நிற்பதில்லை.

மிகையான ஒரேவிதப் பயிற்சி மூளையையும் குழப்பும். நான்சி பில், மைக்கேல் மெர்ஸனிக் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகள் ஒரே பிடியைப் பல்லாயிரம் முறை பிடித்தன. மூளையில் விரலுக்கு விரல் தனித்தனியாக இருந்த வரைபடம், ஈரத்தில் ஊறிய மை போலக் கலங்கிவிட்டது. பியானோ மேதை லியோன் ஃபிளைஷருக்கு 1964-இல், 36 வயதில், வலது கையின் கடைசி இரு விரல்கள் தாமாகவே உள்ளே சுருண்டுகொண்டதற்கும் இந்த வகைக் கோளாறுதான் காரணம். வலியைவிடக் கொடுமை, சொன்ன பேச்சைக் கேட்காத விரல். முப்பது வருடம் போலப் பாடம் சொல்லித்தந்தார், இசைக்குழுவை நடத்தினார், இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்தார். 1990-களில் போடாக்ஸ் ஊசி கைகொடுத்தது. 2004-இல் மறுபடி இரு கையாலும் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டின் பெயர், டூ ஹேண்ட்ஸ். ராபர்ட் ஷூமானுக்கு அந்த வாய்ப்பில்லை. 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் செயலிழந்து, பியானோக் கலைஞனாகும் கனவு முடிந்தது. விரலுக்கு வலுவூட்ட அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். அதுவே கெடுத்திருக்கலாம் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அவர் இசை எழுதுகிறவரானார்.

"ஊசியை எடுத்துட்டு வாங்க"

ரவிக்கை என்னவாயிற்று? எனக்கு ஆரி சொல்லித்தந்த பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுக்கு நான் டீச்சர். யார் யாருக்கு டீச்சர் என்று இருவரும் சிரித்துக்கொள்வோம். அன்று சிரிக்கவில்லை. ஒரு கை முழுதும் முடிந்து, மறு கையில் மயிலின் கழுத்து வரை வந்திருந்தது. "குடுங்க டீச்சர், மிச்சத்த நான் போட்டுர்றேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து மாசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். இளைஞர். என் கையைப் பார்க்கும் முன் கேட்டார், "என்ன வேலைம்மா செய்றீங்க?" சொன்னேன். "நாளைக்கு வரும்போது அந்த ஊசியையும் ஃபிரேமையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அவர் மேசையில் ஃபிரேமை வைத்து நான் பத்துத் தையல் போட்டேன். அவர் தையலைப் பார்க்கவே இல்லை. "அம்மா, உங்க கட்டைவிரல் நகத்தப் பாருங்க."

பார்த்தேன். நகத்தின் பாதி வெள்ளையாக இருந்தது, சுண்ணாம்பு தடவிய மாதிரி.

அழுத்தினால் நகத்தடி இரத்தம் விலகும், நகம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு பிடி. ஆரி ஊசி வழுக்காமல் இருக்கத் தேவையானதைப்போலப் பல மடங்கு அழுத்திக்கொண்டிருந்தேன். இதன் விலை கட்டைவிரலின் அடியில்தான் தெரியும். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் கட்டைவிரலின் அடி மூட்டில் சுமார் 12 கிலோ விழுகிறது என்று 1977-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விறகுபிளக்கும் கோடரி பட்டுத்துணியில் நடந்துகொண்டிருந்தது.

பிறகு செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்.

ஊசியின் பிடி பென்சில் கனம். அதன்மேல் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினோம். பிடி தடிமனானால், வழுக்காமல் இருந்தால், அழுத்தம் தானாகக் குறையும். ஃபிரேம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. முழங்கை மட்டத்துக்கு இறக்கினோம். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. ஊசியைத் திருப்பும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிந்து சாய்ந்துகொண்டிருந்தது — இரண்டு நாண்களும் அவற்றின் குழாயில் மிக மோசமாக உரசும் கோணம் அதுதான். ஃபிரேமைக் கொஞ்சம் திருப்பி வைத்ததும் கை நேரானது.

கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையை முதல் சில வாரம் அணிந்தேன், நாள் முழுக்க அல்ல. வலி அடங்கியபின், கட்டைவிரலை ரப்பர் பேண்டுக்கு எதிராக விரித்து அசையாமல் பிடிக்கும் பயிற்சி. தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி. நாணுக்கு வேகம் பிடிக்காது. மெதுவான, கனமான சுமை பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் வாரம் பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். தையல் போடும்போது பத்துக்கு மூன்றுக்குள் வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை இடுக்கி பிடிக்கும்போது வலி பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த முறை குறைக்க வேண்டும். திரும்பியிருந்தால் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம். மறுநாள் காலைதான் நீதிபதி. ஊசி பிடித்திருக்கும் நேரத்தில் கை பொய் சொல்லும். சூடேறிய நாணும் ஆசைப்பட்ட மனதும் சேர்ந்து பொய் சொல்லும்.

எப்போது மருத்துவர், எப்போது ஊசி

பட்டையும் பழக்கமாற்றமும் போதாதவர்களுக்கு, டி கெர்வைன் நோயில் உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்ட இடத்தில் தோல் வெளுத்துத் திட்டாகலாம். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். அதற்கும் மசியாவிட்டால் குழாயின் கூரையைக் கீறித் திறந்துவிடும் சிறு அறுவைச் சிகிச்சை இருக்கிறது. எனக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

சிலவற்றில் வீட்டு வைத்தியத்துக்குப் பொறுமை காட்டக் கூடாது: விடாத மரமரப்பு, கையிலிருந்து பொருட்கள் நழுவுவது, கட்டைவிரல் மேடு வற்றிப்போவது. இவை நரம்பு நசுங்குவதன் அடையாளம். நாள் கடந்தால் திரும்பப் பெற முடியாமல் போகலாம். காலையில் இரு கை மூட்டுகளும் ஒரு மணி நேரத்துக்குமேல் விறைத்து வீங்கினால் அது கைவேலையால் வந்ததல்ல, மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மயிலின் கழுத்து

போன வாரம் அக்கா மகள் ஆடி விருந்துக்கு வந்திருந்தாள். அந்த ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, ஒரு மணி பிரிந்திருக்கிறது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடது கை மயிலின் கழுத்தில் என் தையல் முடிந்து இன்னொருத்தியின் தையல் தொடங்கும் இடம் எனக்கு மட்டும் தெரியும். என் பக்கத்தில் ஒவ்வொரு வளையமும் இறுக இழுபட்டு, பட்டு லேசாகச் சுருங்கியிருந்தது. அவள் பக்கத்தில் வளையங்கள் உட்கார்ந்திருந்தன; துணி தட்டையாகக் கிடந்தது. மூன்று வருடமாக வகுப்பில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது: "இழுத்துப் பிடிக்காதீங்க டீச்சர், அது எங்கயும் ஓடிடாது." தையல் அழகுக்காகச் சொல்கிறாள் என்று எண்ணியிருந்தேன். என் மணிக்கட்டில் நடந்துகொண்டிருந்தது முழுக்கத் துணியில் பதிவாகியிருந்தது. படிக்கத்தான் தெரியவில்லை.

சைக்கிள் ட்யூப் சுற்றிய ஊசியை எடுத்தேன். ஒரு மணிதான், இரண்டு நிமிட வேலை. மணியைக் கோத்து, குத்தி, திருப்பி, இழுக்கும் முன் ஒருமுறை கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன். நகம் ரோஜா நிறத்தில் இருந்தது.